தனியாக கமர்ஷியல் போட்டோகிராஃபி செய்ய வருகிறவர்களுக்கு: கொட்டேஷனில் இருந்து தொடங்குங்கள்

ஒரு பொருளையோ சேவையையோ விற்க உதவும் படம்தான் கமர்ஷியல் போட்டோ. ஆன்லைன் கடையில் வெள்ளைப் பின்னணியில் நிற்கும் வாட்ச், ஹோட்டல் இணையதளத்தில் உள்ள அறைகள், விளம்பரப் பலகையில் சிரிக்கும் மாடல், ஆண்டறிக்கையில் வரும் தொழிற்சாலை, கம்பெனி இயக்குநர்களின் படங்கள் எல்லாமே இதில் சேரும். கல்யாணப் படத்தை வாங்குகிறவர்கள் அதை ஆல்பத்தில் வைத்துப் பார்த்து மகிழ்வார்கள். கமர்ஷியல் படத்தை வாங்குகிறவர் அதை வைத்துச் சம்பாதிக்கப் போகிறார். கட்டணம், ஒப்பந்தம், உரிமை எல்லாவற்றையும் இந்தத் தொழிலில் ஏன் வேறு மாதிரி பேசுகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

எந்த கேமரா வாங்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதிகம் பேச விரும்புவது ஷூட்டுக்கு முன்னால் நீங்கள் எழுதி அனுப்பும் கொட்டேஷனைப் பற்றி. நல்ல கண்ணும் கையும் உள்ள எத்தனையோ பேர் சில வருடங்களில் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள், படம் சரியில்லாமல் போகிறவர்கள் அதில் குறைவு, அந்த ஒரு தாளைச் சரியாக எழுதாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அதற்கு முன்னால் காட்டுவதற்குக் கொஞ்சம் வேலை வேண்டும், அதை முதலில் பார்ப்போம்.

போர்ட்ஃபோலியோ

போர்ட்ஃபோலியோ என்பது கிளையண்டிடம் காட்ட நீங்கள் தேர்ந்தெடுத்து வைக்கும் படத் தொகுப்பு. அதில் "எல்லாம் எடுப்பேன்" என்று சொல்லாதீர்கள். நகைக்கு ஆள் தேடுகிற ஆர்ட் டைரக்டர் (விளம்பரம் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்) நகை எடுத்தவரைத் தேடுகிறார், கட்டடத்துக்கு ஆள் தேடுகிறவர் கட்டடம் எடுத்தவரை. ஒரு துறையில் 15, 20 படம் போதும், அதில் சுமாரான ஒன்று இருந்தால்கூட எடுத்துவிடுங்கள். பார்க்கிறவர் உங்கள் சிறந்த படத்தை வைத்து வியப்பார், சுமாரான படத்தை வைத்துத்தான் முடிவு எடுப்பார்.

வேலையே இன்னும் கிடைக்கவில்லை, எதைக் காட்டுவது? நீங்களே ஒரு வேலையைக் கற்பனையாக உருவாக்கிக்கொண்டு செய்யுங்கள். பொருள் படம்தான் உங்கள் துறை என்றால் ஒரு கண்ணாடி பாட்டில், பளபளப்பான ஓர் உலோகப் பொருள், நெசவு நன்றாகத் தெரியும் ஒரு துணி, இந்த மூன்றையும் நன்றாக எடுத்துக் காட்டினாலே விஷயம் தெரிந்தவர்கள் உங்களைப் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் மூன்றுக்கும் லைட்டிங் முற்றிலும் வேறு.

கண்ணாடிக்கு முன்னாலிருந்து லைட் அடித்தால் பாட்டில் முழுக்க ஜன்னல் மாதிரி வெள்ளைத் திட்டுகள் விழும். அதற்குப் பதிலாகப் பின்னணியை வெளிச்சமாக்கி, அந்த ஒளி பாட்டில் வழியாக வரும்படி செய்து, ஃபிரேமுக்கு வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். பாட்டிலின் விளிம்பு கறுப்புக் கோடாகத் தெளிவாக எழும். கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், பெரிய ஒளிப்பரப்பு ஒன்றைப் பின்னால் வைத்து அதன் நடுவில் கறுப்பு அட்டையை வைத்தால் விளிம்பு வெள்ளையாக ஒளிரும்.

உலோகம் தன்னைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிடும், உங்களையும் சேர்த்து. ஆகவே அங்கே நீங்கள் லைட் அடிப்பது பொருள் மேல் என்று நினைக்காமல், பொருளில் எது பிரதிபலிக்கிறதோ அதன் மேல் என்று நினைத்தால் வேலை சுலபமாகும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய டிஃப்யூஷன் துணியோ வெள்ளை அட்டையோ அருகில் வைத்து, அதன் மேல் ஒளி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழும்படி செய்தால் உலோகத்தில் மென்மையான சாயல் வரும். லென்ஸில் போலரைசர் (சில திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் ஃபில்டர்) மாட்டினால் மினுமினுப்பு போய்விடும் என்று நம்பிப் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். அது கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் பூசிய மரம் போன்ற பரப்புகளில்தான் நன்றாக வேலை செய்யும் (கண்ணாடி என்றால் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி கோணத்தில் மிக நன்றாக), வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது பெரிதாக மாற்றாது. லைட் மேலேயும் போலரைசிங் ஃபிலிம் போட்டு, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் உலோக மினுமினுப்பும் அடங்கும், ஆனால் அப்புறம் உலோகம் செத்துப்போன மாதிரி இருக்கும், அதனால் அளவோடு செய்யுங்கள். துணிக்கு மட்டும் எளிய வழி, பக்கவாட்டில் தாழ்வாக ஒரே ஒரு லைட், நூல் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக

இரண்டு மெமரி கார்டு போடும் வசதி உள்ள கேமரா, மிக அருகில் வைத்துச் சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்க ஒரு நல்ல மேக்ரோ லென்ஸ், இரண்டு ஃபிளாஷ் லைட், உறுதியான ஸ்டாண்டுகள், டிரைபாட், கறுப்பு வெள்ளை அட்டைகள். ஆரம்பத்துக்கு இது போதும். வருடத்துக்கு இரண்டு முறை தேவைப்படும் டில்ட் ஷிஃப்ட் லென்ஸை (கட்டடக் கோடுகள் சாயாமல் எடுக்க, சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற லென்ஸ்) வாடகைக்கு எடுங்கள், அந்த வாடகையைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். சொந்தமாக வைத்திருக்கும் கருவிக்கும் தேய்மானம் உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று சொல்வது இரண்டு. ஒன்று, நிறம். ஒரு நிறுவனத்தின் சிவப்பு அவர்களுக்கு லோகோ அளவுக்கு முக்கியம். லைட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் 24 கட்டம் உள்ள கலர் செக்கரை (நிறத்தைச் சரிபார்க்க உதவும் நிற அட்டை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மானிட்டர் நிறத்தைச் சரியாகக் காட்டும்படி முறையாகக் கேலிபிரேட் செய்யுங்கள். எல்ஈடி லைட் வாங்கினால் சிஆர்ஐ (நிறங்களை அந்த லைட் எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு, 100 உச்சம்) 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, டெதரிங். கேமராவைக் கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்து, ஒவ்வொரு ஃபிரேமும் பெரிய திரையில் வரும்படி வைத்தால் கிளையண்ட் அங்கேயே பார்த்து, அங்கேயே "சரி" சொல்வார். அந்தச் "சரி" ஒரு வாரம் கழித்து மெயிலில் வரப்போகும் பத்துப் புகார்களைத் தடுத்துவிடும்.

எவ்வளவு கேட்பது

இதற்கு வருகிற பதிலெல்லாம் "மார்க்கெட் ரேட் என்ன" என்பதில் போய் நிற்கும். அடுத்தவர் ரேட்டில் அவருடைய வாடகை, அவருடைய கடன், அவருடைய துணிச்சல் எல்லாம் கலந்திருக்கிறது, உங்கள் கணக்குக்கு அது உதவாது. உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். வருடத்துக்கு நீங்கள் குடும்பம் நடத்தத் தேவையான சம்பளம், அதோடு வரி, கருவித் தேய்மானம், காப்பீடு, சாஃப்ட்வேர் சந்தா, ஹார்ட் டிஸ்க், பயணம், போன், இணையம், வேலை இல்லாத மாதங்களுக்கான சேமிப்பு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை எத்தனை நாளால் வகுப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மாதம் 25 நாள், வருடம் 300 நாள் என்று வகுத்தால் கிடைக்கும் தொகை பொய்யான தொகை. ஒரு நாள் ஷூட் என்றால் அதற்கு முன்னால் ஒரு நாளாவது தயாரிப்பு இருக்கும், பின்னால் ஒன்றோ இரண்டோ நாள் எடிட்டிங் இருக்கும், அப்புறம் கிளையண்ட் தேடுவது, பில் போடுவது, பணம் வராதவரைத் துரத்துவது. தனியாக வேலை செய்கிறவர் வருடத்துக்கு 80 நாள் ஷூட் செய்தாலே அது நிறைய. 80ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் கட்டணம் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு வரும். அதுதான் உண்மையான தரைமட்டம், அதற்குக் கீழே செய்யும் ஒவ்வொரு வேலையும் உங்கள் கைக்காசைப் போட்டுச் செய்வது.

இது உழைப்புக்கான பகுதி. கொட்டேஷனில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும்: உங்கள் உழைப்புக்கும் கற்பனைக்கும் ஆன கட்டணம், செலவுகள், படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம். செலவுகள் என்றால் ஸ்டுடியோ வாடகை, உதவியாளர், மேக்கப், ஸ்டைலிஸ்ட், மாடல், பொருட்கள், வண்டி, சாப்பாடு, ரீடச்சிங் (எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது). இவை ஒவ்வொன்றும் தனி வரியாக வரட்டும். ஒரே தொகையாகப் போட்டால் கிளையண்ட் "கொஞ்சம் குறைங்க" என்றதும் எதில் குறைக்கிறோம் என்று உங்களுக்கே தெரியாது, கடைசியில் உங்கள் கட்டணத்தில்தான் கத்தி விழும். தனித்தனியாக இருந்தால் "சரி, மாடலை இரண்டிலிருந்து ஒன்றாக்கலாம், படங்களை 12லிருந்து 8 ஆக்கலாம்" என்று பேச முடியும். தொகை குறையும்போது வேலையும் சேர்ந்து குறைய வேண்டும். இதை மட்டும் விடாப்பிடியாகப் பின்பற்றுங்கள்.

உரிமைக் கட்டணம்

மூன்றாவது பகுதிதான் இந்தத் தொழிலின் நடுநாயகம், புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். அதே ஷூட், அதே லைட், அதே உழைப்பு, ஆனால் ஒரு சிறு கடை தன் சமூக வலைதளப் பக்கத்தில் ஆறு மாதம் போடும் படமும், ஒரு பெரிய நிறுவனம் பல நாடுகளில் விளம்பரப் பலகையாக மூன்று வருடம் வைக்கும் படமும் ஒரே விலை ஆக முடியாது. இரண்டாவது நிறுவனம் அந்தப் படத்திலிருந்து எடுக்கும் பயன் பல மடங்கு. ஆகவே லைசென்ஸ் (படத்தைப் பயன்படுத்த நீங்கள் தரும் அனுமதி) எழுதும்போது நான்கு கேள்விகளுக்கு விடை அதில் இருக்க வேண்டும்: எந்த ஊடகம், எந்த நாடு அல்லது பகுதி, எவ்வளவு காலம், அவர்களுக்கு மட்டுமா அல்லது நீங்கள் வேறு யாருக்கும் தரலாமா.

"எங்களுக்கு எல்லா ரைட்ஸும் வேணும், எப்பவும் வேணும்" என்று சொல்லும் கிளையண்டுகள் அதிகம். பெரும்பாலும் அவர்கள் பயத்தில் கேட்கிறார்கள், பின்னால் ஏதாவது சிக்கல் வருமோ என்ற பயம். கோபப்படாமல் "அடுத்த இரண்டு வருடத்தில் இந்தப் படத்தை எங்கெல்லாம் போடப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். இணையதளம், பிரசுரம், சமூக வலைதளம் என்று மூன்று இடம்தான் வரும். அதற்கு ஒரு விலை, எல்லா உரிமைக்கும் ஒரு விலை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். முக்கால்வாசிப் பேர் முதல் விலையைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நல்லது, அதற்கான பணம் உங்களுக்கு வருகிறது.

காப்பிரைட் யாருக்கு என்பதை ஊகத்துக்கு விடாதீர்கள், ஏனென்றால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. பிரிட்டனிலும் முன்பு அப்படித்தான் இருந்தது, 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த பிறகு உரிமை படம் எடுத்தவருக்கு வந்தது. கனடாவில் அதே மாற்றம் 2012இல்தான் வந்தது. அமெரிக்காவில் ஃப்ரீலான்சர் எடுத்த படம், கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக அவருடையதே. இப்படி இருக்கும்போது வெளிநாட்டுக் கிளையண்டுக்கு வேலை செய்தால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதே ஒரு சண்டையாகிவிடும். "காப்பிரைட் போட்டோகிராஃபரிடமே இருக்கும், கீழே சொன்ன பயன்பாட்டுக்கு லைசென்ஸ் தரப்படுகிறது, முழுத்தொகையும் வந்து சேர்ந்த பிறகே லைசென்ஸ் தொடங்கும், இது இந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அதில் "முழுத்தொகையும் வந்து சேர்ந்த பிறகே" என்ற பகுதி தங்கம். பணம் கொடுக்காமல் படத்தைப் போட்டால் அது வெறும் கடன் பாக்கியாக நிற்காமல் உரிமை மீறலும் ஆகிவிடும், அதைச் சுட்டிக்காட்டி எழுதும் ஒரு கடிதத்துக்கு வரும் பதிலே வேறு விதமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் வேறு என்னென்ன? செலவுப் பகுதி முழுவதும் முன்பணமாக வர வேண்டும், கட்டணத்தில் பாதியாவது முன்பணமாக வர வேண்டும். மாடலுக்கும் ஸ்டுடியோவுக்கும் நீங்கள் உங்கள் பணத்தைக் கட்டினால் நீங்கள் அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். கடைசி நேரத்தில் ஷூட்டை ரத்து செய்தால் எவ்வளவு என்று எழுதுங்கள், 48 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 24 மணி நேரத்துக்குள் என்றால் முழுவதும் என்பது போல ஓர் அளவு. எத்தனை படம் முடித்துத் தருவீர்கள், எத்தனை முறை திருத்தம் செய்வீர்கள் (இரண்டு முறை நியாயமானது), அதற்கு மேல் திருத்தத்துக்கு எவ்வளவு, ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூல ஃபைல்) தருவீர்களா மாட்டீர்களா, மழை பெய்தால் என்ன, நீங்கள் உடம்பு சரியில்லாமல் படுத்தால் என்ன, எல்லாம் எளிய மொழியில் இருக்கட்டும். ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிச் சரி செய்துகொண்டால் பிறகு அதே படிவத்தைப் பல வருடம் பயன்படுத்தலாம்.

அனுமதிக் கடிதங்கள்

படத்தில் அடையாளம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (தன் படத்தைப் பயன்படுத்த அவர் தரும் ஒப்புதல் கடிதம்) வாங்குங்கள், கம்பெனி ஊழியர்களாக இருந்தாலும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. ஷூட் தொடங்குவதற்கு முன்னால் வாங்குங்கள், முடிந்தபிறகு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். தனியார் இடமென்றால் இடத்துக்கும் அனுமதி வேண்டும். பொது இடத்தில் நிற்கும் கட்டடம்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள், ஈஃபில் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1889இல் கட்டிய கோபுரத்தைப் பகலில் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் இரவு விளக்கு அலங்காரம் தனி உரிமைக்கு உட்பட்டது, தொழில்முறைப் பயன்பாட்டுக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். பின்னணியில் வேறு கம்பெனி லோகோ, சுவரோவியம், அலமாரியில் இருக்கும் ஓவியம் எல்லாவற்றையும் ஃபிரேமிலேயே பார்த்து நகர்த்திவிடுங்கள்.

ஷூட் நாள்

நல்ல ஷூட் நாள் சலிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கும். கிளையண்டிடம் கேட்டு ஷாட் லிஸ்ட் எழுதி வாங்குங்கள்: ஒவ்வொரு படமும் எங்கே போகப்போகிறது, நீளவாக்கிலா குறுக்காகவா, எழுத்து வைக்க எந்தப் பக்கம் இடம் விட வேண்டும், கடைசியாக "சரி" சொல்லப்போகிறவர் யார். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தளத்தில் நிற்கும் மார்க்கெட்டிங் பையன் தலையாட்டிவிட்டுப் போவார், நான்கு நாள் கழித்து அவருடைய மேலதிகாரி வேறு ஒன்று கேட்பார். முடிவெடுப்பவரைத் தளத்துக்கு வரச் சொல்லுங்கள், வர முடியாவிட்டால் போனிலாவது படத்தை அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் செட்டைக் கலையுங்கள். கஷ்டமான ஷாட்டைக் காலையில் எடுங்கள், எல்லோரும் களைத்துப்போன சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். பொருளில் இரண்டு மூன்று பிரதிகள் கொண்டுவரச் சொல்லுங்கள், எந்தப் புதுப் பொருளிலும் கீறல் இருக்கும், மேக்ரோ லென்ஸ் அதைக் கண்டுபிடித்துவிடும்.

பேக்கப் பற்றி ஒரே வரி: பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 முறை, மூன்று பிரதிகள், இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். கார்டை இரண்டு டிஸ்க்கில் ஏற்றிச் சரிபார்க்கும் வரை ஃபார்மட் செய்யாதீர்கள்.

கொடுக்கும்போது இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (பெரும்பாலான திரைகள் பயன்படுத்தும் நிற அமைப்பு) ஒரு தொகுப்பு, அச்சுக்கு முழு அளவில் ஒரு தொகுப்பு என்று பிரித்துக் கொடுங்கள். ஏ4 முழுப்பக்கம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், அதைக் கிளையண்டுக்குத் தெரியப்படுத்தினால் இணையத்துக்குக் கொடுத்த சின்ன ஃபைலைப் பிரசுரத்தில் போட்டுவிட்டு உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஃபைலின் மெட்டாடேட்டாவிலும் (படத்தோடு உள்ளே சேர்ந்திருக்கும் தகவல்) உங்கள் பெயர், தொடர்பு, லைசென்ஸ் காலம் இருக்கட்டும்.

வேலை எப்படி வரும்

விளம்பர ஏஜென்சிகளின் ஆர்ட் டைரக்டர்கள், நடுத்தர நிறுவனங்களின் மார்க்கெட்டிங் மேலாளர்கள், கட்டடக் கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள், இவர்கள்தான் படம் வாங்குகிறவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் வெளியிட்ட வேலையையும் பார்த்து, அவர்களுக்குப் பொருந்தும் மூன்று படத்தோடு நான்கு வரி எழுதுங்கள். பதில் வராது, அது சகஜம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது வேலையோடு மறுபடியும் எழுதுங்கள், அவர்களுக்கு ஆள் தேவைப்படும் நாளில் உங்கள் பெயர் ஞாபகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு போட்டோகிராஃபர்களுக்கு உதவியாளராகப் போவதும் மிக நல்ல வழி, லைட்டிங்கை விட அவர்கள் கிளையண்டிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

"இந்த முறை இலவசமாகப் பண்ணுங்க, உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும், அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று கேட்பவர்கள் வருவார்கள். அடுத்த முறையும் அதே விலைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மனதார இலவசமாகச் செய்வது வேறு, தாராளமாகச் செய்யுங்கள், அப்போதும் முழுத்தொகையை எழுதி அதில் நூறு சதவீதத் தள்ளுபடி என்று காட்டி பில் கொடுங்கள், வேலையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியட்டும்.

பில்லைப் படங்களோடு அன்றே அனுப்புங்கள். தேதி தாண்டினால் மறுநாளே மரியாதையாக ஒரு மெயில், ஒரு வாரத்தில் போன், பேச வேண்டியது உங்களை அழைத்த கிரியேட்டிவ் ஆளிடம் அல்ல, கணக்குப் பிரிவிடம். பெரிய கம்பெனிகளில் உங்கள் பெயரை வெண்டராகப் பதிவு செய்யாமல் பணமே நகராது, அந்தப் படிவத்தை ஷூட்டுக்கு முன்னாலேயே கேட்டு நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. லைசென்ஸ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் கிளையண்டுக்கு எழுதுங்கள்: "இந்த எட்டுப் படங்களின் உரிமை இந்தத் தேதியோடு முடிகிறது, தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் புதுப்பிக்கும் கட்டணம் இது, புதிதாக எடுக்கலாம் என்றால் அதற்கான கொட்டேஷனும் இணைத்திருக்கிறேன்." இந்த ஒரு மெயில், கேமராவைத் தொடாமலே பணமாகவும், அடிக்கடி அடுத்த ஷூட்டாகவும் திரும்பி வரும்.